மச்சம் படாமல்

அருவருப்பு எனக்குச் சீக்கிரம் வரும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் பல்லிடுக்கில் நாக்கை விட்டுத் துழாவினால் எழும்பி நின்றுகொள்வேன். யாரோ கருவாட்டுப் பையோடு ஏறி இறங்கிய மணம் லிப்டுக்குள் இருந்தால் படியால் போவேன். நாங்கள் இருப்பது மேல்மாடியில். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நானும் என் தங்கையும் அந்த வீட்டில் நெடுங்காலமாக இருக்கிறோம். அவள் வங்கியில் வேலை செய்கிறாள். மூக்குச் சரியில்லாதவள், எந்த மணமும் அவளை ஒன்றும் செய்யாது.

தங்கை மச்சம் சாப்பிடுவாள், நான் தொடமாட்டேன். எங்கள் பேச்சில் மச்சம் என்றால் மீன், இறைச்சி, முட்டை எல்லாம் அடங்கும். குசினியில் அவளுக்கென்று ஒரு மச்சச் சட்டி, ஒரு கரண்டி, கழுவுவதற்கு ஒரு பஞ்சு, எல்லாம் தனியாகத் தள்ளி வைத்திருக்கிறது. அவளுடைய கரண்டி தவறி என் பருப்புக்குள் விழுந்த நாட்களில் பருப்பும் போகும், கரண்டியும் போகும். "மச்சம் படக்கூடாது" என்பது எங்கள் வீட்டில் தேத்தண்ணி என்ற சொல்லைப் போல நாள் முழுக்கக் கேட்கும் வசனம்.

என் தொழில் மணப்பெண் அலங்காரம். வெள்ளவத்தை, கிருலப்பனை, கொட்டாஞ்சேனை என்று எங்கே தமிழ்க் கல்யாணம் நடந்தாலும் அதில் பாதி கொண்டைகள் என் கையால் போட்டவையாக இருந்த காலம் உண்டு. பெண்ணைக் கதிரையில் இருத்தி, பின்னால் நின்று, இரண்டு கையையும் உயர்த்தியபடி மயிரைப் பிரித்து, சுற்றி, சடைநாக நகையைப் பொருத்தி, பூவைச் சுற்றி, ஊசி ஊசியாகச் சொருக வேண்டும். கை கீழே இறங்காது. தங்கை கேட்பாள், "ஊரான்ர தலைமயிரை நாள் முழுக்கப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய். அதில வராத அருவருப்பு என்ர சட்டியில மட்டும் எப்பிடி அக்கா வருது?"

"கழுவின மயிர்," என்பேன். அதுதான் உண்மையும். கழுவாத தலையோடு வந்து இருந்த பெண்ணை, மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நிற்க, திரும்பக் குளியலறைக்கு அனுப்பியிருக்கிறேன்.

என் உடம்பிலும் எனக்குப் பிடிக்காத ஓர் இடம் இருந்தது. வலது தோளின் வெளிப்பக்கத்தில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கறுப்பு மறு. அதில் ஒற்றை மயிர் முளைக்கும், வெட்டினால் திரும்ப முளைக்கும். மற்றப் பெண்களுடைய இப்படியான கறுப்புகளையெல்லாம் பூசி மறைத்த எனக்கு என்னுடையதை வெட்டியெடுக்க நேரம் வரவில்லை. முழங்கை வரை இறுக்கிப் பிடிக்கும் சட்டைதான் எப்போதும் தைப்பிப்பேன்.

தோள் நோவு மெல்ல மெல்லத்தான் வந்தது. நான் அதற்கு முகம் கொடுக்கவில்லை. ஒருநாள் கல்கிசையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் இருக்க இடமில்லை. "இஸ்ஸரஹாட்ட யன்ன, இஸ்ஸரஹாட்ட" என்று கொண்டக்டர் முன்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தான். மேலே பிடிக்கும் கம்பி ஊரெல்லாம் பிடித்த வேர்வையில் பிசுபிசுத்தது. அதைத் தொட மனமில்லாமல், கைக்குட்டையைக் கம்பியிலும் கையிலுமாகச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். பம்பலப்பிட்டிக்குப் போகிற ஒரு முச்சக்கரவண்டி குறுக்கே வந்தது, சாரதி பிரேக் அடித்தான். உடம்பு முன்னுக்குப் போயிற்று. சுற்றிக் கட்டிய கை கம்பியோடு நின்றுவிட்டது. தோளுக்குள் நனைந்த சீலை கிழிவதுபோல ஒன்று கேட்டது. எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு வலது கை நெஞ்சுக்கு மேலே எழும்பவில்லை. சீப்பைப் பிடிக்கலாம், ஆனால் ஒரு தலைக்குக் கொண்டுபோக முடியாது. எனக்கு வேறு தொழில் தெரியாது. இந்த வயதில் படிக்கும் எண்ணமும் இல்லை. அந்தக் கை எழும்பாவிட்டால் நான் தங்கையின் வீட்டில் சோறு தின்னும் ஒரு அக்கா, அவ்வளவுதான்.

ஸ்கேன் எடுக்கிற குழாய்க்குள் எனக்கு முன்னம் படுத்தவரின் தலையெண்ணெய் மணத்தை மோந்துகொண்டு கிடந்தேன். பிறகு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தோள் பார்க்கும் சத்திரசிகிச்சை டொக்டரிடம் போனோம். நாற்பது வயது மதிக்கத்தக்கவர், மலையகத்தில் பிறந்து இந்தியாவில் படித்துவிட்டு வந்தவர். நகங்கள் சுத்தமாக வெட்டியிருந்தன. அதனாலேயே அவரை நம்பினேன்.

"தோளுக்கு மேல போற தசைநாண் எலும்புல இருந்து கழண்டு போச்சும்மா," என்றார். தசையை எலும்போடு பிடித்து வைத்திருக்கும் நார் அது.

"தைக்கலாம்தானே?"

"தைக்கலாம். தைக்கிறது பெரிய விஷயமில்ல. அது ஒட்டணும், அதுதான் கஷ்டம்."

கடுதாசியில் படம் போட்டுக் காட்டினார். பிறக்கும்போதே நமக்கு இருக்கும் இணைப்பில் நார் ஓரிடத்தில் முடிந்து எலும்பு வேறோரிடத்தில் தொடங்குவதில்லையாம். நார் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, குருத்தெலும்பாகி, அதில் சுண்ணாம்பு ஏறி, பிறகுதான் எலும்பாகிறது. எங்கே மாறுகிறது என்று கோடு கீற முடியாது. ஒருமுறை பிய்ந்தால் உடம்பு அதைத் திரும்ப அப்படிச் செய்யாது. தழும்பை வைத்து அடைத்துவிடும்.

"சீலைக் கரை மாதிரி," என்றேன். "கரை உடலோட சேர்த்து நெய்து வாறது. கிழிஞ்ச பிறகு வேற கரை வாங்கித் தைச்சால் பார்வைக்குக் கரைதான். ஆனா இழுபட்டால் தையலிலதான் போகும்."

அவர் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். "அதேதான்மா. தெச்சது திரும்பக் கிழியுறது நெறைய நடக்குது." ஒரு பக்கம் எலும்பு போலவும் மறுபக்கம் நார் போலவும் இருக்கும் பொருளைச் செய்து நடுவில் வைத்து, அந்தக் கரையைத் திரும்ப நெய்ய வைக்க முடியுமா என்று வெளிநாடுகளில் ஆய்வுகூடங்களில் பார்க்கிறார்களாம். அது இன்னும் இங்கே வரவில்லை. இப்போதைக்கு இருப்பது ஒரு மெல்லிய ஒட்டு. தைத்த நாரின் மேலே போர்த்திவிட்டால் அதற்குள் நம் உடம்பின் செல்கள் குடியேறி நாரைத் தடிக்கச் செய்யும்.

"உறுதி சொல்ல மாட்டேன்," என்றார். "ஆனா உங்களது ரொம்ப மெலிஞ்சிருக்கு. வெறும் தையல நம்பப் பயமா இருக்கு."

"அந்த ஒட்டு என்னத்தில செய்தது?"

"கொலாஜன்மா. இயற்கையானது."

கொலாஜனை எனக்குத் தெரியாதா? மணப்பெண்களின் முகத்தில் கல்யாணத்துக்கு முதல்நாள் நான் ஒட்டுகிற ஈரத் தாள் அதுதான். உறையில் தாமரைப்பூப் படம் போட்டிருக்கும், பன்னீர் மணக்கும். அந்த நினைப்போடு சம்மதம் சொல்லிவிட்டு வந்தேன்.

சத்திரசிகிச்சை அன்று காலை சிங்களத் தாதி ஒருத்தி கொச்சைத் தமிழில் கேள்வி கேட்டுக்கொண்டு வந்தாள். "அம்மா, முட்டை, மீன் சாப்பிட்டா கடி சொறி வரும்?" நான் அதையெல்லாம் தொடுவதில்லை என்றேன். அவள் போன பிறகுதான் எனக்குள் ஏதோ நெருடிற்று. தோளை வெட்டப் போகிறவர்களுக்கு மீனோடு என்ன அலுவல்? எதையாவது உள்ளே வைக்கப் போகிறார்களோ?

அதே நேரம் டொக்டர் வந்தார். எந்தப் பக்கம் என்று பேனையால் அடையாளம் போட என் ஆஸ்பத்திரி உடுப்பைத் தோளிலிருந்து விலக்கச் சொன்னார். மறு வெளியே தெரிகிற வெட்கத்தில் உடுப்பை இழுத்து இழுத்துப் பிடித்தபடி, கேட்க வேண்டியதை அவசரமாகக் கேட்டுவிட்டேன்.

"டொக்டர், ஒரு விசயம். மச்சம் படக்கூடாது."

அவர் பேனையை நிறுத்தித் தோளைப் பார்த்தார். "மச்சமா? அதத் தொடவே மாட்டோம்மா. தள்ளித்தான் போடுவோம்."

"கட்டாயம்?"

"சத்தியமா. நானே பாத்துக்கறேன்."

தள்ளி வைப்பது எங்கள் குசினி முறை. அது அவருக்கும் தெரிந்திருக்கிறதே என்று எனக்குப் பெரிய ஆறுதல். மயக்க ஊசி போடும்போதும் அந்த ஆறுதலோடுதான் கண்ணை மூடினேன்.

பிறகு கையைப் பட்டியில் கட்டிப் போட்ட வாரங்களைப் பற்றி மரியாதையாக எழுத முடியாது. கையை உடம்பிலிருந்து விலக்கக் கூடாது. கொழும்பு வெக்கையில் கக்கம் மூடிக் கிடந்தால் என்னவாகும்? புளித்த மாப்போல மணந்தது. பவுடர் போட்டால் அது குழைந்து களியாயிற்று. தங்கை ஈரத்துணியை ஒரு கரண்டிக் காம்பில் சுற்றி உள்ளே விட்டுத் துடைத்து விடுவாள், நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருப்பேன். என் மணத்தை விட்டு எந்தப் படியால் ஏறிப் போவது? இறுக்கமான சட்டைகள் ஒன்றும் அந்தத் தோளுக்கு ஏறவில்லை. தங்கை கை குட்டையான, தொளதொளத்த சட்டைகள் வாங்கி வந்தாள்.

பார்க்க வந்தவர்களோ ஒருவர் பாக்கியில்லாமல் ஆட்டுக்கால் சூப்பைப் பற்றிக் கதைத்தார்கள். எலும்பு நாரெல்லாம் கரைந்து இறங்கியிருக்குமாம், தோளுக்கு அதைவிட மருந்தில்லையாம். என்னிடம் கொண்டை போட்ட பெண் ஒருத்தி பிளாஸ்கில் ஊற்றியே கொண்டுவந்துவிட்டாள். "கண்ணை மூடிக்கொண்டு மருந்தெண்டு குடியுங்கோ அன்ரி." மூடியைத் திறந்தாள். மேலே கொழுப்பு வட்டம் வட்டமாக மிதந்தது. நான் எழும்பி யன்னலடிக்குப் போய்விட்டேன். தங்கை இரண்டு கோப்பை குடித்துவிட்டு நல்லாயிருக்கு என்றாள்.

"எனக்கு மச்சம் படாமச் செய்திருக்கு," என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். "டொக்டர் சத்தியம் பண்ணித் தந்தவர்." அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பட்டியைக் கழற்றும் நாளில் தங்கையோடு போனேன், டொக்டர் நல்ல சந்தோசத்தில் இருந்தார். தோளுக்குள் கமராவை விட்டு எடுத்த படத்தைத் திரையில் ஓட விட்டார். தண்ணீருக்குள் வெள்ளைத் தும்புகள் ஆடின, அவித்த மரவள்ளிக்கிழங்கைப் பிய்த்தால் வரும் நார்போல. அதுதான் நான் என்றார். நூல்கள் வந்தன, இழுத்துக் கட்டின. கடைசியில் வெள்ளைச் சதுரம் ஒன்று மேலே வந்து படிந்தது.

"இதுதான் ஒட்டு. அழகா உக்காந்திருக்கு பாருங்க."

"எங்கயிருந்து வாறது? வெளிநாடோ?" சும்மா ஒரு வாய்ப்பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"வெளிநாடுதான்மா. மாட்டோட குதிநாண்ல இருந்து எடுக்கறாங்க. நல்லாக் கழுவி, செல்லெல்லாம் போக்கி, வெறும் கொலாஜன மட்டும்..."

மாட்டின் குதிநாண் என்றதும் எனக்குத் தெரிந்தது இறைச்சிக் கடையின் கொக்கிதான். அது மாட்டைக் கொளுவித் தொங்கவிடும் இடம். அவருடைய கை கழுவும் தொட்டிக்கு நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று நினைவில்லை. காலையில் தின்ற இடியப்பம் முழுக்க அதற்குள் போயிற்று.

"மச்சம் கூடாதெண்டு சொன்னனான்," என்றேன் தொட்டியைப் பிடித்தபடி. "நீங்கள் சத்தியம் பண்ணினனீங்கள்."

"தொடலையேம்மா." அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. மேசையிலிருந்த கண்ணாடியை எடுத்து வந்து என் தோளுக்கு நேரே பிடித்தார். "பாருங்க. எப்பவும் போடுற எடத்த விட்டுத் தள்ளித்தான் ஓட்டை போட்டிருக்கேன். உங்க மச்சம் அப்படியே இருக்கு."

கண்ணாடிக்குள் சின்னத் தழும்பு ஒன்று. அதற்குப் பக்கத்தில், ஒற்றை மயிரோடு, என் மறு. அதற்கும் மச்சம் என்றுதான் பெயர். எனக்குத் தெரியாத சொல்லா? என் பெட்டிக்குள் கறுப்பு மச்சம் வைக்கும் பென்சில்கூட இருக்கிறது. தங்கைக்குத்தான் முதலில் விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு அறைக்கு வெளியே ஓடினாள். நடையில் அவள் சிரித்த சிரிப்பு எனக்கு உள்ளே கேட்டது.

நான் விளங்கப்படுத்தி முடித்தபோது டொக்டர் கதிரையில் இருந்துவிட்டார். "எங்க வீட்ல கறின்னுதான்மா சொல்லுவோம்," என்றார் மெதுவாக. "மாட்டோடதுன்னு நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். தப்பு என்னோடது."

"எடுத்துவிடுங்கோ."

"எடுக்கலாம். எடுத்தா தையலும் கூட வந்துரும். மறுபடி தைக்க அங்க ஒண்ணும் மிஞ்சாது. கை அதோட சரி." அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார், கண்ணைத் திருப்பவில்லை. "கொஞ்ச மாசத்துல அது கரைஞ்சு போயிரும்மா. அந்த எடத்துல உங்க உடம்பு தன்னோட நாரைக் கட்டிக்கும். கடைசியா மிஞ்சறது நீங்கதான்."

"கரைஞ்சு எங்க போகும்?"

"உடம்புக்குள்ளதான்."

அப்படியென்றால் நான் மாடு தின்றுகொண்டிருக்கிறேன். வாயால் தின்னவில்லை, தோளால் தின்கிறேன். ஒவ்வொரு நாளும், நித்திரையிலும்.

வீட்டுக்கு வந்து குளித்தேன், திரும்பவும் குளித்தேன். தேய்க்கத் தேய்க்கத் தோல் சிவந்ததே தவிர, உள்ளே இருப்பதை எந்தச் சவர்க்காரம் தொடும்? சோற்றில் கை வைத்தால் அந்தக் கைதான் வாய்க்கு வருகிறது என்று கையை எடுத்துவிடுவேன். இடது கையால் தின்பதோ அதைவிட அசிங்கம். கரண்டியால் தின்றேன், ஆஸ்பத்திரி நோயாளி மாதிரி, என் வீட்டு மேசையில். டொக்டர் கையை மெல்ல மெல்ல உயர்த்திப் பழகச் சொல்லியிருந்தார். கதவில் கப்பி கட்டிக் கயிறும் தொங்கவிட்டாயிற்று. நான் அந்தப் பக்கம் போகவில்லை. அந்தத் தோளை அசைத்தால் மாடு அசைவதுபோல இருந்தது. கை இறுகத் தொடங்கிற்று.

தங்கை பொறுத்துப் பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அலங்காரப் பெட்டியைத் திறந்து முகத்தில் ஒட்டும் தாள்களை அள்ளி மேசையில் போட்டாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உறையின் பின்பக்கத்தை வாசித்தாள். "அக்கா, இதிலயும் கொலாஜன் எண்டுதான் கிடக்கு. மாட்டில எடுத்ததாம், வடிவா எழுதிக் கிடக்கு. தாமரை வெறும் படம்தான்."

எத்தனை பெண்களின் முகத்தில்? கோயிலுக்குப் போய், விரதம் இருந்து, சந்தனம் பூசி வந்த பிள்ளைகளின் முகத்தில் அதை வழித்து வழித்து ஒட்டியிருக்கிறேன். மிச்ச ஈரத்தை வீணாக்காமல் என் கழுத்திலும் பூசியிருக்கிறேன். மணமாயிருந்தது. உறையோடு எல்லாவற்றையும் குப்பைக்குள் போட்டேன். கோபம் யாரில் என்று தெரியவில்லை, அதனால் எல்லாரிலும் வந்தது.

"மாடு வைச்சது வைச்சாச்சு," என்றாள் தங்கை. "உன்ர கையும் போனா மாடும் வீண்." நான் அவளோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

கொட்டாஞ்சேனைக் கல்யாணம் அதற்குப் பிறகு வந்தது. தாயின் கொண்டையும் நான் போட்டது, மகளின் கொண்டையையும் நான்தான் போடுவதாக நெடுநாளைய பேச்சு. கை இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர்கள் வேறு யாரையோ பிடித்தார்கள். விருந்தாளியாக வரச் சொல்லி விடாமல் கேட்டதால், தொளதொளத்த அந்தச் சட்டையோடு சீலையைச் சுற்றிக்கொண்டு போனேன்.

மண்டபத்தில் பெண்ணின் அறைக்குள் எட்டிப் பார்த்திருக்கக் கூடாது. அலங்காரக்காரி வேலையை முடித்துக் காசையும் வாங்கிக்கொண்டு போய்விட்டாளாம். பிள்ளை கண்ணாடிக்கு முன்னால் இருந்தாள். சடைநாகம் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. ஸ்பிறேயை அள்ளி அடித்ததில் மயிர் சோறு வடித்த கஞ்சிபோலக் கட்டிபட்டிருந்தது. உள்ளே வைத்த சவுரி வேறு நிறம். குனிந்து மோந்து பார்த்தேன். வேறொருத்தியின் தலையிலிருந்து கழற்றி, கழுவாமல் வைத்த சவுரி. பழைய நல்லெண்ணெய் மணம், யாருடையதோ வேர்வை மணம்.

"அன்ரி, சரியில்லையோ?" பிள்ளையின் கண் கலங்கத் தொடங்கிவிட்டது.

"அழாத, மை கரையும். ஊசி எங்க?"

இடது கையால் கொண்டையைப் பிடித்துக்கொண்டேன். சவுரியை உருவி இரண்டு விரலால் தூக்கி மூலையில் எறிந்தேன். வாயில் ஊசிகளைக் கவ்வியபடி மயிரைப் பிரித்து, திரும்பச் சுற்றி, முதல் ஊசியைச் சொருகினேன். இரண்டாவதைச் சொருகும்போதுதான் கண்ணாடியில் பார்த்தேன். வலது கை பிள்ளையின் தலைக்கு மேலே நின்றது. உள்ளே சுளீரென்று இழுத்தது, ஆனால் நின்றது. சட்டைக்கை தோளின் மேலே போய்ச் சுருண்டிருந்தது.

பிள்ளையும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்ரி, உங்கட தோளில மச்சம் இருக்கு," என்றாள். "நான் இவ்வளவு நாளும் காணேல்லை."

"ஓம் பிள்ளை, இருக்கு," என்றேன் ஊசிகளுக்கிடையால். "தலையை ஆட்டாமல் இரு."